அம்மாவுக்குக் காதில் கல் நகர்ந்துவிட்டதாம், தலையைத் திருப்பியே சரிசெய்துவிட்டார்கள். இது நிஜமா?

வாய்க்கால்மேடு:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 63. மூன்று வாரமாக ஒரே தொல்லை. விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் போதும், மின்விசிறியோடு சேர்ந்து கூரையே சுற்றுகிறது என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவார். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். அதே மாதிரி மேல் அலமாரியில் பருப்பு டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்த்தாலும் வரும்.

அப்பா பித்தம் என்று சொல்லி சுக்கு மல்லி காபி போட்டுக் கொடுத்தார். பக்கத்துத் தெரு டாக்டர் பிரஷர், சுகர் பார்த்தார், இரண்டும் சரி. கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கும் என்று மாத்திரை எழுதினார். கடைசியில் தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் அம்மாவைச் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார், தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்குகிற மாதிரி. கண்ணையே உற்றுப் பார்த்தார். "காதுல கல்லு இடம் மாறியிருக்கு" என்றார். தலையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஒருக்களிக்க வைத்து, உட்கார வைத்தார். ஐந்து நிமிடம்தான். அன்று இரவே அம்மா வலப்பக்கம் திரும்பித் தூங்கினார்.

நான் படித்தது மெக்கானிக்கல். சந்தோஷம்தான், ஆனால் மனசு ஒப்பவில்லை. காதுக்குள் கல்லா?

தெக்கத்திக்காரன்:
மந்திரிச்சுவிட்ட மாதிரி இருக்கே தம்பி. எனக்கும் இரண்டு வருடமாகப் படுக்கையிலிருந்து எழுந்தால் கிறுகிறுப்பு. ஒரு மருத்துவமனையில் கழுத்துப் பட்டை மாட்டிவிட்டார்கள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனவனுக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை. தலையைத் திருப்பினால் சரியாகுமென்றால் சலூன்காரர் எனக்கு எப்போதோ குணப்படுத்தியிருக்க வேண்டுமே.

ஒலிமானி:
நான் ஆடியாலஜிஸ்ட், காது கேட்பதையும் சமநிலையையும் சோதிக்கிறவள். இந்த வேலையில் 14 வருடம். கல் என்பது நிஜம்தான், ஆனால் சிறுநீரகக் கல் மாதிரி நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத தூள். முட்டை ஓட்டில் இருக்கிறதே கால்சியம் கார்பனேட், அதேதான். அது எல்லோருக்கும் பிறவியிலிருந்தே காதுக்குள் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கோளாறு என்னவென்றால், இருக்க வேண்டிய அறையை விட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுவது.

கேட்பதற்கான நத்தைக்கூடு எலும்பு எல்லோருக்கும் தெரியும். அதை ஒட்டியே சமநிலைக்கான பகுதி இருக்கிறது. மொத்தமும் ஏறக்குறைய ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில், மண்டை ஓட்டிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள். அதில் இரண்டு விதமான கருவிகள். யூட்ரிக்கிள், சாக்யூல் என்று இரண்டு சிறு பைகள். அவற்றில் பசை மாதிரி ஒரு படலம், அதன் மேல் இந்தச் சுண்ணாம்புத் தூள், அடியில் மயிர் போன்ற இழைகள் கொண்ட உணர் செல்கள். தலை சாய்ந்தால் தூளின் கனத்தில் படலம் சரியும், இழை வளையும், "சாய்ந்துவிட்டேன்" என்று நரம்பு மூளைக்குச் சொல்லும். லிஃப்ட் கிளம்புவதும் பஸ் பிரேக் போடுவதும் இதன் வழியாகத்தான் தெரிகின்றன.

இன்னொன்று மூன்று அரைவட்டக் கால்வாய்கள். அறையின் ஒரு மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்கிற மாதிரி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக. உள்ளே திரவம். இவற்றுக்குச் சுழற்சி மட்டும்தான் தெரியும். ஆமாம் என்று தலையாட்டுவது, இல்லை என்று ஆட்டுவது, தோளில் சாய்ப்பது, எல்லாவற்றையும் மூன்றும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒவ்வொரு கால்வாயின் அடியிலும் ஒரு புடைப்பு, அதன் குறுக்கே குப்புலா என்று ஒரு ஜவ்வுக் கதவு. திரவம் தள்ளினால் கதவு வளையும், மூளைக்குச் "சுற்றுகிறேன்" என்று செய்தி போகும்.

முக்கியமான விஷயம், அந்தக் கதவின் அடர்த்தியும் திரவத்தின் அடர்த்தியும் ஒன்றே. அதனால் படுத்தாலும் நின்றாலும் கதவு தொய்வதில்லை. புவியீர்ப்பு என்று ஒன்று இருப்பதே கால்வாய்க்குத் தெரியாது. தூள் அதற்குள் நுழைந்தால்தான் வம்பு. அம்மா புரளும்போது தூள் கீழ்நோக்கிச் சரிகிறது, திரவத்தை இழுக்கிறது, கதவு வளைகிறது. அம்மா புரண்டு முடித்து அசையாமல் கிடக்கிறார், ஆனால் காது "இன்னும் சுற்றுகிறேன்" என்று சத்தியம் பண்ணுகிறது. தூள் அடியில் போய்ப் படிந்ததும் எல்லாம் அமைதி. அதனால்தான் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது.

மருத்துவர் செய்தது எப்லி முறை. நெளிந்த குழாய்க்குள் மாட்டிய ரவையைக் குழாயைத் திருப்பித் திருப்பி வெளியே கொட்டுவீர்களே, அவ்வளவுதான். மெக்கானிக்கல் படித்தவருக்கு இதைவிடப் பிடித்த வைத்தியம் இருக்கவே முடியாது.

வாய்க்கால்மேடு:
நன்றி மேடம். இப்போது புரிகிறது. வேகமானியாக இருந்த கருவி எடைக்கல் தொங்கவிட்ட தூக்குநூலாக மாறிவிட்டது, ஆனால் மூளை இன்னும் வேகமானி என்றே படிக்கிறது. சரிதானே?

ஒலிமானி:
நூற்றுக்கு நூறு. நான் இனி நோயாளிகளிடம் இதையே சொல்லப் போகிறேன்.

பௌதிக வாத்தியார்:
காலையில் காபி குடிக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். நுரை உள்ள காபி டம்ளரைக் கையில் வைத்துச் சட்டென்று கால் சுற்று திருப்புங்கள். டம்ளர் திரும்பும், நுரை திரும்பாது, அப்படியே நிற்கும். கால்வாயில் நடப்பது இதுதான். தலை திரும்புகிறது, திரவம் பின்தங்குகிறது, அந்த வித்தியாசத்தில் கதவு வளைகிறது.

இப்போது டம்ளரை ஒரு தட்டில் வைத்து நிறுத்தாமல் சுற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் காபியும் கூடவே சுற்ற ஆரம்பிக்கும். வித்தியாசம் போய்விட்டது. காதிலும் அப்படியே, ஒரே வேகத்தில் அரை நிமிடம் போலச் சுற்றிக்கொண்டே இருந்தால் கண்ணை மூடியவருக்குச் சுற்றுவதே தெரியாது. தட்டைச் சட்டென்று நிறுத்தினால் டம்ளர் நிற்கும், காபி நிற்காது. தட்டாமாலை சுற்றிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்த பிள்ளைக்கு உலகம் எதிர்ப்பக்கம் சுற்றுவது இதனால்தான்.

வகுப்பில் இதைச் செய்து காட்டப் போய் சட்டையில் காபி கொட்டிக்கொண்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சலங்கை:
நான் நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள். அடுத்தடுத்துச் சுற்றுகிற இடங்களில் பிள்ளைகளிடம் "எதிரில் ஒரு புள்ளியைப் பிடி, உடம்பு போகட்டும், கண் அங்கேயே நிற்கட்டும், கடைசியில் தலையை வெடுக்கென்று திருப்பி மறுபடி அதே புள்ளியைப் பிடி" என்போம். என் குரு ஏன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தலை ஒரே சீராகச் சுற்றாமல் நின்று நின்று திரும்புவதால் காபி சேர்ந்து சுற்ற வாய்ப்பே இல்லை, அப்படித்தானே?

பௌதிக வாத்தியார்:
அப்படித்தான் அம்மா. அதோடு கண்ணுக்கு நிலையான ஒரு பிடிமானமும் கிடைக்கிறது. வருடக்கணக்கில் பயிற்சி செய்தவர்களுக்கு மூளையே அந்தப் பொய்ச் செய்தியை அடக்கிவைக்கப் பழகிவிடும்.

தெக்கத்திக்காரன்:
எல்லாம் சரி. காதில் கோளாறு என்றால் காதைத்தானே பார்க்க வேண்டும்? அந்த டாக்டர் ஏன் கண்ணை உற்றுப் பார்த்தார்? எனக்கு இதுதான் சந்தேகம்.

ஒலிமானி:
நல்ல கேள்வி அண்ணே. இப்போதே செய்து பாருங்கள். கைபேசியை எதிரே பிடித்து இந்த வரியைப் படித்துக்கொண்டே கையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்து கலங்கும். இப்போது கையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். படிக்க முடிகிறதா?

தலை இடப்பக்கம் திரும்பினால் கால்வாய் உடனே கண் தசைக்குச் சொல்லி, கண்ணை அதே அளவு வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. இடையில் மூன்றே நரம்புக் கண்ணிகள். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வேலை முடிந்துவிடும். கண்ணால் பார்த்து, மூளை யோசித்து, அப்புறம் திருத்துவதென்றால் அதற்குள் காட்சி கலங்கிப் போயிருக்கும்.

ஆகவே காது பொய் சொன்னால் கண் அதை நம்பி ஓடும். அம்மாவைப் படுக்க வைத்ததும் இரண்டு மூன்று நொடி ஒன்றும் நடக்காது, தூள் சரிய நேரம் வேண்டுமே. பிறகு கருவிழி மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து, வெடுக்கென்று திரும்பி வரும். மறுபடி நகரும், வெடுக். அதுவும் கடிகார முள் மாதிரி விழியே முறுக்கிக்கொண்டு மேல்நோக்கித் துடிக்கும். எந்தப் பக்கம் முறுக்குகிறது என்பதை வைத்து எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று சொல்லிவிடலாம். முதல்முறை அதைப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது, அந்தக் கண்ணை நோயாளி நினைத்தாலும் நிறுத்த முடியாது. டிக்ஸ், ஹால்பைக் என்று லண்டனில் இரண்டு பேர் 1952இல் விவரித்த சோதனை. ஸ்கேன் வேண்டாம், ஒரு கட்டில் போதும்.

அதே 1952இல் ஒரு அமெரிக்க மருத்துவர் தன் கதையை மருத்துவ இதழில் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசியால் அவருக்கு இரண்டு காதிலும் சமநிலை உணர்வு செத்துப்போனது. படுக்கையில் புத்தகம் படிக்க, தலையைக் கட்டில் கம்பிகளுக்கு நடுவே முட்டுக் கொடுத்து வைத்துக்கொள்வாராம். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் தலை லேசாக அசையும் அல்லவா, அந்த அசைவுக்கே எழுத்து கலங்கியதாம். நம் கண் எவ்வளவு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். இன்றைக்கும் அதே இனத்து ஜென்டாமைசின் ஊசி நாள்கணக்கில் போகும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

கப்பல்காரன்:
சரக்குக் கப்பலில் 22 வருடம். முதல் பயணத்தில் வங்காள விரிகுடாவிலேயே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. உள் அறையில் சுவர் நிற்கிறது என்கிறது கண், ஆடுகிறது என்கிறது காது. மூளைக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. மேல் தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அங்கே இரண்டும் ஒரே சாட்சி சொல்லும்.

அமெரிக்காவில் காலுடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 பேரை வைத்து 1950களின் கடைசியில் தொடங்கி கடற்படையும் நாசாவும் சோதனைகள் செய்தன. அவர்களில் 10 பேருக்குச் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சலில் கேட்பதோடு சமநிலைப் பகுதியும் போயிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கூட்டிப்போனார்கள். அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சோதனை செய்யப் போனவர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டு, சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று! நான்கு பேர் நிமிடத்துக்கு 10 முறை சுற்றும் அறையில் 12 நாள் இருந்தார்கள் என்றும் பதிவு இருக்கிறது. விண்வெளிக்குப் போகிறவனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனையும்.

தெக்கத்திக்காரன்:
அப்போ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் எங்கள் வீட்டு அம்மணி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வருவதும் நான் டிரைவர் சீட்டில் ஜம்மென்று வருவதும் இதே கணக்குத்தானா?

கப்பல்காரன்:
அதேதான் அண்ணாச்சி. ஸ்டீயரிங் உங்கள் கையில், அடுத்த வளைவு உங்கள் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அவர் கைபேசியை வேறு பார்த்துக்கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம்.

ஞாயிறுமாலை:
தப்பாக நினைக்காதீர்கள், அறிவியல் ஆர்வத்தில் கேட்கிறேன். நண்பர் ஒருவர் இரண்டு ரவுண்டுக்கு அப்புறம் படுத்தால் கட்டில் சுற்றுகிறது என்கிறார். ஒரு காலைத் தரையில் ஊன்றினால் குறைகிறதாம்.

ஒலிமானி:
அந்த நண்பருக்கு என் வணக்கம். ஆல்கஹால் ரத்தத்திலிருந்து குப்புலாவுக்குள் முதலில் இறங்கும், திரவத்துக்குள் மெதுவாகத்தான் போகும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. அதனால் கொஞ்ச நேரம் கதவு லேசாகி மிதக்கும். நான் மேலே சொன்ன "அடர்த்தி ஒன்றே" என்ற ஏற்பாடு குலைந்துவிட்டது, கால்வாய்க்குப் புவியீர்ப்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. படுத்ததும் சுற்றும். கதவிலிருந்து ஆல்கஹால் முதலில் வெளியேறும்போது கணக்கு தலைகீழாகும், மறுநாள் காலையில் எதிர்ப்பக்கம் சுற்றும். காலை ஊன்றினால் பாதம் "நான் தரையில் இருக்கிறேன்" என்று இன்னொரு சாட்சி சொல்கிறது.

இறக்கை:
விமானப்படையில் இருந்தவன். எங்களுக்கு முதல் பாடமே, மேகத்துக்குள் போனால் உன் காதை நம்பாதே, கருவியை நம்பு. மிக மெதுவாகச் சாய்ந்தால் கால்வாய்க்குத் தெரியாது. வளைவில் நீண்ட நேரம் இருந்தால் வாத்தியார் சொன்ன காபிக் கணக்கில் நேராகப் போகிற மாதிரித் தோன்றும். நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்ந்த மாதிரித் தோன்றும், விமானி மறுபடி பழைய பக்கமே சாய்ப்பான்.

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855, 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 விமானம். கடலுக்கு மேல் வந்ததும் கேப்டன் முன் இருந்த சாய்வுமானி கெட்டுப்போய், விமானம் நேராக வந்த பிறகும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. இருட்டு, கீழே கடல், அடிவானம் கிடையாது. அவர் இடப்பக்கம் திருத்தத் திருத்த விமானம் புரண்டு கடலில் விழுந்தது. 213 பேர். கருவி பொய் சொன்ன அந்த நேரத்தில் காதால் அதை மறுத்துச் சொல்ல முடியவில்லை. கண் இல்லாத இடத்தில் காது அவ்வளவுதான்.

பௌதிக வாத்தியார்:
காதுக்கும் கண்ணுக்கும் உள்ள இந்த முடிச்சைத் தெளிவாக்கியவர்களில் ஒருவர் வியன்னாவில் இருந்த ராபர்ட் பாரானி. காதைக் குளிர்ந்த நீர் பீய்ச்சிக் கழுவினால் நோயாளிகளுக்குத் தலை சுற்றியது, கண் துடித்தது. ஒருவர் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று குறைப்பட, அடுத்து வந்த தண்ணீர் சூடாகிவிட்டது. அப்போதும் சுற்றியது, ஆனால் கண் எதிர்ப்பக்கம் துடித்தது. குளிர்ந்த திரவம் கீழே இறங்கும், சூடானது மேலே ஏறும், ஆகவே கால்வாயில் ஓட்டம் உண்டாகிறது என்று அவர் பிடித்துக்கொண்டார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்கு. செய்தி வந்தபோது முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யக் கைதி முகாமில் இருந்தார். ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்டு 1916இல் விடுவித்தார்கள்.

கதையில் ஒரு திருகல் உண்டு. சூடானது மேலே ஏற புவியீர்ப்பு வேண்டும். 1983இல் ஸ்பேஸ்லேப் என்ற விண்வெளி ஆய்வுக்கூடப் பயணத்தில், எடையற்ற நிலையில் இதே சோதனையைச் செய்தார்கள். கண் துடிக்கவே கூடாது. துடித்தது! பாரானி சொன்னதோடு வேறு ஏதோ ஒன்றும் கூடவே நடக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வாய்க்கால்மேடு:
நோபலே கொடுத்துவிட்டார்கள், எங்கள் ஊரில் இன்னும் கழுத்துப் பட்டைதான். இந்த எப்லி எப்போது வந்தது?

ஒலிமானி:
அமெரிக்காவில் ஜான் எப்லி 1980இல் ஒரு கூட்டத்தில் செய்து காட்டினார். சக மருத்துவர்கள் எளிதில் ஏற்கவில்லை. உங்களுக்கு வந்த அதே சந்தேகம்தான், தலையைத் திருப்பினால் குணமா என்று. அவர் கட்டுரை அச்சில் வர 1992 ஆகிவிட்டது. இன்று முதல் வைத்தியமே அதுதான். மாத்திரை தூளை நகர்த்தாது.

பூவரசு:
என் அப்பாவுக்கும் நேற்றிலிருந்து தலைசுற்றல், வயது 70. வீடியோ பார்த்து நானே இந்தத் தலை திருப்பலைச் செய்துவிடலாமா? இங்கிருந்து டவுன் 30 கிலோமீட்டர்.

ஒலிமானி:
தயவுசெய்து வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்கள்: புரளும்போது மட்டும் வந்து ஒரு நிமிடத்தில் நிற்கிறதா, இல்லை அசையாமல் படுத்திருந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? பேச்சு குழறுகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, முகமோ கையோ மரத்திருக்கிறதா, பிடிக்காமல் நிற்க முடிகிறதா?

பூவரசு:
நேற்று மதியத்திலிருந்து நிற்கவே இல்லை. படுத்தாலும் சுற்றுகிறது. வாந்தி. எழுந்து நின்றால் சுவர் பக்கம் சாய்கிறார்.

ஒலிமானி:
இது தூள் இல்லை. இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மூளையின் பின்பக்க ரத்தக்குழாய் அடைப்பும் இப்படித்தான் தொடங்கும். வைரஸால் ஒரு பக்க நரம்பு வீங்கியதாகவும் இருக்கலாம். ஆனால் அதை அங்கே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூவரசு:
(மூன்று நாள் கழித்து) எல்லோருக்கும் நன்றி. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அடைப்பு இல்லை. இடக்காதின் சமநிலை நரம்பு வீக்கம் என்றார்கள். நேற்றிலிருந்து பிடித்துக்கொண்டு நடக்கிறார். மாத்திரையைச் சில நாளில் நிறுத்திவிடுவோம், தலையை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறார்கள். சுற்றுகிறவரைப் போய் ஏன் தலையை ஆட்டச் சொல்கிறார்கள்?

ஒலிமானி:
மனசு லேசாகிவிட்டது. அசையாமல் இருக்கும்போதும் இரண்டு காதும் மூளைக்குச் சமமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். கயிறு இழுக்கிற போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம், கயிறு நகராது. அப்பாவுக்கு இடப்பக்க ஆள் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டார். வலப்பக்கம் போகிறோம் என்று மூளை நினைக்கிறது. சில வாரத்தில் மூளை புதுக் கணக்குப் போட்டுக்கொள்ளும், ஆனால் தவறு எவ்வளவு என்று அதற்குத் தெரிய தலை அசைந்தாக வேண்டும். சுற்றலை அடக்குகிற மாத்திரையைப் போட்டுப் படுத்தே கிடந்தால் மூளைக்குப் பாடமே நடக்காது.

தெக்கத்திக்காரன்:
நானும் போய்ப் பார்த்துவிட்டேன். கட்டிலில் தொங்கவிட்டார்கள், கண்ணைப் பார்த்தார்கள். ஒன்றும் துடிக்கவில்லை. எனக்குக் கல் இல்லையாம். படுக்க வைத்து ஒருதரம், நிற்க வைத்து ஒருதரம் பிரஷர் பார்த்தார்கள். நின்றதும் சரசரவென்று இறங்குகிறதாம், நான் போடுகிற பிரஷர் மாத்திரையின் வேலை. அளவைக் குறைத்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டை பரணில். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், நல்ல நிலையில் இருக்கிறது.

வாய்க்கால்மேடு:
ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். போன வாரம் அம்மாவுக்கு மறுபடி வந்தது. திரும்ப வரலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அதனால் பயப்படவில்லை. அதே கட்டில், அதே திருப்பல், இந்த முறை நானும் பக்கத்தில் நின்று கண்ணைப் பார்த்தேன். மேடம் சொன்னது போலவே மூன்று நொடி ஒன்றுமில்லை, அப்புறம் விழி முறுக்கிக்கொண்டு துடித்தது. நான் மனதுக்குள் எண்ணினேன், 18 வரை போயிற்று.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிட்னியில் எடுத்த கல்லை டப்பாவில் போட்டுக் கொடுத்தாங்களே, எனக்கு ஏன் தரலை?"